ஃபைட்டர் மீனுக்குத் துடுப்பு அழுகல்: மருந்துக் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

பெட்டா மீனின், அதாவது நம் ஊரில் எல்லோரும் ஃபைட்டர் என்று சொல்லும் மீனின், வால் ஓரம் பிசிறத் தொடங்கியதும் பெரும்பாலோர் நேராக மீன் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். கடைக்காரர் நீல மருந்தையோ மஞ்சள் பொடியையோ எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து நான்கு சொட்டு விட்டதும் தண்ணீர் நிறம் மாறும், மனமும் ஆறும். வால் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

துடுப்பு அழுகலை உண்டாக்கும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் வெளியிலிருந்து புதிதாக வந்தவை அல்ல. நன்றாகப் பராமரிக்கப்படும் தொட்டியிலும் அவை எப்போதும் இருக்கின்றன. மீனின் தோலின் மேல் இருக்கும் வழுவழுப்பான படலமும் அதன் நோய் எதிர்ப்பாற்றலும் அவற்றைத் தடுத்து வைத்திருக்கின்றன. தண்ணீர் கெட்டு அந்தத் தடுப்பு தளர்ந்ததும், உடலில் மிக மெல்லிய இடமான துடுப்பின் ஓரத்தில் அவை வேலையைத் தொடங்குகின்றன. தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு மருந்தை மட்டும் ஊற்றினால் அழுகல் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம்.

ஃபைட்டரிடம் இன்னொரு சங்கடம் இருக்கிறது. செவுளோடு, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் ஓர் உறுப்பும் அதற்கு உண்டு. தாய்லாந்தின் நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் ஆக்சிஜன் குறைந்த ஆழமற்ற நீரில் வாழப் பழகிய இனம் அது. அதனால்தான் சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் சின்னஞ்சிறு பாட்டிலில் அடைத்து வைத்தாலும் செத்துப்போகாமல் இருக்கிறது. அந்த உறுப்பு ஆக்சிஜன் குறைவிலிருந்து காப்பாற்றுமே தவிர, மீனின் கழிவிலிருந்து உருவாகும் நச்சான அம்மோனியாவிலிருந்து காப்பாற்றாது. வேறு மீனாக இருந்தால் இரண்டாம் நாளே மிதந்திருக்கும் தண்ணீரில் ஃபைட்டர் வாரக்கணக்கில் வாழ்ந்து, வாலை இழந்துதான் நமக்குச் செய்தி சொல்கிறது.

முதலில், இது அழுகல்தானா?

கிழிந்த வால் எல்லாம் அழுகிய வால் அல்ல. மீனை வெளிச்சத்தில், தொட்டியின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். அழுகல் என்றால் ஓரம் ஒழுங்கில்லாமல், நனைந்து கரையும் காகிதம் போல் இருக்கும். விளிம்பில் கருமையோ சிவப்போ பால் வெண்மையோ ஒரு கோடாகத் தெரியும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அது உள்நோக்கி நகர்ந்திருக்கும். கண்ணை நம்பாதீர்கள், தினமும் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் நேர்க்கோடாகப் பிளந்திருந்து, விளிம்பில் நிறமாற்றம் எதுவும் இல்லையென்றால், அது கூரான பொருளில் உரசிக் கிழிந்தது. முந்தைய இரவு முழுதாக இருந்த வாலில் காலையில் அரைவட்டமாக ஒரு துண்டு காணவில்லை என்றால், மீனே தன் வாலைக் கடித்திருக்கிறது. கனமான வால் கொண்ட ஹாஃப்மூன் வகைகளில் இது அடிக்கடி நடக்கும். கிரவுன்டெயில் வகையில் துடுப்பின் கதிர்கள் இயல்பாகவே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பதறி உப்பைக் கொட்டுபவர்கள் நிறைய. சில மீன்களுக்குத் துடுப்பின் ஓரம் பிறவியிலேயே கறுப்பு. அது நாளுக்கு நாள் நகராது.

தொட்டியில் உள்ள அலங்காரப் பொருள்களையும் சந்தேகியுங்கள். பழைய நைலான் துப்பட்டா ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் செடி, கல், பொம்மை எல்லாவற்றின் மேலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே வாலும் மாட்டும். அதை எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது?

விளிம்பு மட்டும் பிசிறி, மீன் வழக்கம்போல் சாப்பிட்டுச் சுறுசுறுப்பாக இருந்தால் அது தொடக்கநிலை. அந்த மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டாம். இடமாற்றமே அதற்கு ஒரு தொல்லை. இருக்கும் தொட்டியிலேயே தண்ணீரைச் சரிசெய்தால் போதும்.

துடுப்பில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது, விளிம்பில் சிவப்போ வெண்பஞ்சு போன்ற படிவோ இருக்கிறது, அல்லது ஒரு வாரம் தண்ணீர் மாற்றியும் அழுகல் நிற்கவில்லை என்றால், தனிப் பாத்திரமும் உப்பும் தேவை.

அழுகல் உடலைத் தொட்டுவிட்டது, வாலின் அடிப்பகுதி சிவந்திருக்கிறது, மீன் உணவைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால் அது அபாய நிலை. இங்கே மட்டும்தான் ஆன்டிபயாடிக் பேச்சு வருகிறது. மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் சிலிர்த்து நின்றால், நோய் உள்ளுறுப்புகளுக்குப் போய்விட்டது என்று பொருள். அதிலிருந்து மீளும் மீன்கள் மிகக் குறைவு.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதுகின் குறுக்கே சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு, வாயைச் சுற்றி வெண்மை, ஓரிரு நாளிலேயே வேகமாகப் பரவுதல் ஆகியவை கொலும்னாரிஸ் என்னும் வேறு நோயின் அடையாளங்கள். அதை உண்டாக்கும் பாக்டீரியா சூடான நீரில் இன்னும் வேகமாகப் பெருகும். ‘நோய் வந்தால் ஹீட்டரைக் கூட்டு’ என்ற பொதுவான அறிவுரை இங்கே ஆபத்தானது. வெப்பநிலையை 24 டிகிரிக்கு அருகில் வைத்துக்கொண்டு, காத்திருக்காமல் மருத்துவ உதவியை நாடுங்கள். இந்த நோய் மற்ற மீன்களுக்கும் தொற்றும்.

படி ஒன்று: தண்ணீரை அளந்து பாருங்கள்

தெளிவாக இருக்கும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நினைப்பதுதான் மீன் வளர்ப்பில் மிகப் பழைய ஏமாற்றம். அம்மோனியாவுக்கு நிறமில்லை. வண்ணமீன் கடைகளில் சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி கிடைக்கும். மருந்து வாங்க வைத்திருக்கும் காசில் முதலில் அதை வாங்குங்கள். அம்மோனியா பூஜ்யம், அதிலிருந்து உருவாகும் நைட்ரைட் பூஜ்யம், நைட்ரைட்டிலிருந்து உருவாகும் நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே என்பது இலக்கு. நைட்ரேட் 40 வரை போனால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. முதல் இரண்டில் எதுவும் பூஜ்யத்தைத் தாண்டக் கூடாது.

அதோடு பிஹெச் அளவையும், அதாவது நீரின் அமில, காரத் தன்மையையும், பாருங்கள். சென்னையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளுக்கு இது முக்கியம். தண்ணீரில் உள்ள அம்மோனியாவில் ஒரு பகுதிதான் மீனுக்குக் கொடிய நச்சு வடிவில் இருக்கும். பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அந்தப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிறது. சோதனைக் குழாயில் ஒரே பச்சை நிறம் காட்டினாலும், கடினத்தன்மையும் உயர்ந்த பிஹெச்சும் உள்ள போர்வெல் நீரில் இருக்கும் மீன் அதிகம் துன்பப்படுகிறது. இதற்காக எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று ஊற்றி பிஹெச்சைக் குறைக்கப் பார்க்காதீர்கள். அளவு மேலும் கீழும் ஆடுவது, நிலையான 8-ஐவிட மோசம். அம்மோனியாவைக் குறைப்பதே வழி.

வெப்பமானியையும் மறக்க வேண்டாம். ஃபைட்டருக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் தேவை. சமவெளியில் வருடத்தின் பெரும்பகுதி அது தானாகவே கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. சமவெளியிலும் ஏசி அறையில் சிறு தொட்டி வைத்திருப்பவர்கள் விடியற்காலையில் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். பகலில் 29, விடியலில் 22 என்று தினமும் ஏறி இறங்கினால் அந்த மீனுக்குத் துடுப்பு அழுகல் வருவதில் வியப்பில்லை.

படி இரண்டு: மாற்றுத் தண்ணீரைத் தயார் செய்தல்

குடிநீர்க் குழாயில் வருவது குளோரின் கலந்த தண்ணீர். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. நமக்குப் பாதுகாப்பான இந்த அளவு மீனின் செவுளை அரிக்கும். லாரித் தண்ணீரில் எவ்வளவு இருக்கும் என்பது அன்றைக்குக் கலந்தவரின் கையைப் பொறுத்தது. அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் சாதாரண குளோரின் வெளியேறிவிடும். சிகிச்சைக் காலத்தில் தினமும் தண்ணீர் தேவைப்படும் என்பதால், கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கும் சோடியம் தையோசல்ஃபேட் கரைசலை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி பயன்படுத்துவது எளிது.

கேன் தண்ணீரோ வீட்டு ஆர்.ஓ. தண்ணீரோ சுத்தம்தானே என்று அதை மட்டும் நிரப்புபவர்கள் உண்டு. அதில் தாது உப்புகள் மிகவும் குறைவு. பிஹெச் நிலையாக நிற்காது. போர்வெல் தண்ணீர் மிகவும் கடினமாக இருந்தால் ஆர்.ஓ. நீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். ஆனால் திடீரென்று மாற்றாமல், சில நாள்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

புதுத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் பிடிக்கும் நீர் மீனை வேக வைத்துவிடும்.

படி மூன்று: தொடக்கநிலை மீனுக்கு ஒரு வாரம்

முதல் நாள் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதியதை மெதுவாக ஊற்றுங்கள். அடிமண்ணில் தேங்கிய கழிவையும் மிஞ்சிய உணவையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கிவைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். மீன்தொட்டி நீரில் மனிதத் தோலைப் பாதிக்கும் கிருமிகளும் உண்டு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அடுத்த நாள்களில் தினமும் கால் பங்கு மாற்றினால் போதும். அம்மோனியா தெரிந்தால் பாதியாக்குங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழியக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் அலசிவிட்டு மாட்டுங்கள். தொட்டியையே கவிழ்த்து, கல் மண் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைப்பது நம் வீடுகளில் பெரிய சுத்தமாகக் கருதப்படுகிறது. மீனைப் பொறுத்தவரை அது பேரழிவு. மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஃபில்டரே இல்லாத இரண்டு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் மீன் இருந்தால், இந்த வழிகாட்டியில் உள்ள எதுவும் நிலைத்து உதவாது. சுமார் 20 லிட்டர் தொட்டியும் மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும்தான் அதற்கு மருந்து. மேசைக்குக் குடுவை அழகு என்பவர்கள் அதில் மணி பிளான்ட் வளர்க்கட்டும்.

படி நான்கு: தனிப் பாத்திரமும் உப்பும்

நடுத்தர நிலைக்கு வந்த மீனுக்கு எட்டு அல்லது பத்து லிட்டர் கொள்ளும், உணவுப்பொருள் வைக்கும் தரமுள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும். சோப்புப் படாத பெட்டியாக இருக்கட்டும். தண்ணீர் மட்டம் ஒரு சாண் உயரத்தைத் தாண்ட வேண்டாம். நோயுற்ற மீன் காற்றுக்காக மேலே வந்துபோக வேண்டும். ஓட்டை போட்ட மூடி அவசியம், ஏனென்றால் ஃபைட்டர் துள்ளும். அடியில் மண் வேண்டாம். ஒளிந்துகொள்ள வழுவழுப்பான ஒரு சிறு குவளையைப் படுக்க வைக்கலாம்.

தனிப் பாத்திரம் எதற்கு? நீர்ச்செடிகளுக்கும் நத்தைகளுக்கும் உப்பு ஆகாது, அதற்காகத்தான்.

எந்த உப்பு? சமையலறைக் கல்லுப்பு போதும். அயோடின் கலந்த உப்பு மீனைக் கொன்றுவிடும் என்ற பயம் மிகையானது. இந்த அளவில் அதிலிருக்கும் அயோடின் ஒன்றும் செய்யாது. ஆனாலும் அயோடினும் கட்டி தட்டாத பொருளும் சேர்க்காத உப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். இந்துப்பு, எப்சம் உப்பு என்று மாற்றிப் போட வேண்டாம். எப்சம் உப்பு மலச்சிக்கலுக்கும் வீக்கத்துக்கும் தருவது. அது வேறு பொருள்.

அளவைக் கண்மதிப்பில் போடாதீர்கள். கல்லுப்பின் பரல் அளவைப் பொறுத்து ஒரு தேக்கரண்டியின் எடை மாறும். சமையலறைத் தராசில் நிறுங்கள். தண்ணீரின் அளவு தெரிய வேண்டுமானால், நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும்.

எட்டு லிட்டர் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் லிட்டருக்கு ஒரு கிராம் என்று 8 கிராம் உப்பு. அதை ஒரு குவளை நீரில் முழுவதும் கரைத்து, காலையில் பாதி, மாலையில் பாதி ஊற்றுங்கள். மீனின் மேல் உப்புக்கல் நேராகப் படக் கூடாது. மறுநாள் மீன் தெளிவாக இருந்தால் இன்னொரு 8 கிராமை அதேபோல் இரண்டு வேளையாகச் சேர்த்து, லிட்டருக்கு 2 கிராமில் நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இனி தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும், ஏனென்றால் இந்தப் பாத்திரத்தில் பழகிய ஃபில்டர் இல்லை. இங்கேதான் கணக்கு தவறும். எடுத்தது 4 லிட்டர் என்றால் அதோடு 8 கிராம் உப்பும் போய்விட்டது. புதிதாக ஊற்றும் 4 லிட்டரில் 8 கிராம் கரைத்தே ஊற்ற வேண்டும். வெயிலில் ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்யும்போது உப்பு சேர்க்கக் கூடாது. ஆவியானது நீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கிறது.

மீன் பக்கவாட்டில் சாய்ந்தாலோ, வெறிபிடித்தது போல் சுற்றினாலோ உடனே உப்பில்லாத நீரைச் சேர்த்து அடர்த்தியைக் குறைத்துவிடுங்கள். எல்லாம் நன்றாகப் போனாலும் பத்து நாளோடு உப்பை நிறுத்த வேண்டும். சிறுநீரகத்துக்குச் சுமையேற்றிக்கொண்டே போவதில் பலனில்லை. கடைசி மூன்று நான்கு நாள் உப்பில்லாத நீரை ஊற்றிப் படிப்படியாகக் குறைத்து, பிறகு பழைய தொட்டிக்கு மாற்றுங்கள்.

இலை, மஞ்சள், வேப்பிலை

தெருவோரத்தில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் சருகை மீன் கடைகளில் பாதாம் இலை என்று விற்கிறார்கள். அதிலிருந்து இறங்கும் டானின் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும், லேசான கிருமித் தடுப்பாற்றலும் அதற்கு உண்டு, மீனும் அமைதியாகிறது. தானாக உதிர்ந்து பழுப்பான, பூச்சிமருந்து படாத இலையைக் கழுவி, பத்துப் பதினைந்து லிட்டருக்கு ஒன்று போடலாம். துணைக்கு நல்லது; தனியாக நின்று அழுகலைக் குணமாக்கும் என்று நம்ப வேண்டாம்.

மஞ்சள் தூள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: போடாதீர்கள். அது நீரில் கரையாது. துகள்கள் மிதந்து செவுளில் படியும். எவ்வளவு போட்டோம், எவ்வளவு வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. மனிதத் தோலில் பூசுவது வேறு, அதைச் சுவாசிக்கும் நீரில் கலப்பது வேறு. வேப்பிலையும் தேயிலை மர எண்ணெயும் அதே பட்டியலில்தான் வருகின்றன. எண்ணெய்ப் படலம் நீர்ப்பரப்பில் நின்றால், மேலே வந்து காற்றெடுக்கும் இந்த மீனுக்கு அது கூடுதல் இடைஞ்சல்.

படி ஐந்து: மருந்து

மெத்திலின் ப்ளூ பூஞ்சைக்கும் வெளிப்புறக் கிருமிக்கும் ஓரளவு உதவும். ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் அது அழிக்கும் என்பதால் தனிப் பாத்திரத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். கடைக்குக் கடை கரைசலின் அடர்த்தி வேறு. பாட்டிலில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். அளவு எழுதாத பாட்டிலை வாங்காதீர்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் பக்கமே போக வேண்டாம். உதவும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

மெடிக்கலில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கி உடைத்துப் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்வதால், போர்வெல் தண்ணீரில் அது பெரும்பாலும் வீண். அரைகுறை அளவில் போடப்படும் ஆன்டிபயாடிக், மருந்துக்கு அசராத கிருமிகளைத்தான் வளர்க்கும். அழுகல் உடலைத் தொட்ட நிலையில், மீன் படங்களையும் நீர்ச் சோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். மீன்களைப் பார்க்கும் மருத்துவர் அருகில் இல்லையென்றால் தூத்துக்குடி, பொன்னேரி மீன்வளக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். எந்த மருந்து கொடுத்தாலும் ஃபில்டரில் கரித்துண்டு இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். அது மருந்தை உறிஞ்சிவிடும். சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மருந்து வேண்டாம்.

உணவு

குறைவாகக் கொடுங்கள். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று உருண்டைகள், தின்னாததை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். முதல் நாள் பட்டினி போட்டாலும் தவறில்லை. டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது. நோயுற்ற மீனுக்கு அதைக் கொடுப்பது கிருமியைக் கையால் ஊட்டுவது. உறைய வைத்த இரத்தப்புழு பரவாயில்லை.

குணமாகிறது என்று எப்படித் தெரியும்?

முதலில் அழுகல் நிற்கும். நேற்றைய படமும் இன்றைய படமும் ஒன்றுபோல் இருக்கும். அதுவே வெற்றி, அந்த நேரத்தில் பொறுமையிழந்து புது மருந்து சேர்க்காதீர்கள். பிறகு ஓரிரு வாரத்தில் விளிம்பில் நிறமில்லாத, கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு தெரியும். இதைப் பலர் புது நோய் என்று எண்ணி மறுபடி உப்பு போடுகிறார்கள். அது புதிதாக வளரும் துடுப்பு. வெண்பஞ்சுப் படிவு மங்கலாக, மேலே ஒட்டியதுபோல் இருக்கும். புதுச் சவ்வு துடுப்போடு ஒன்றாகி, ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும். நிறம் அதில் பின்னால் ஏறும்.

முழு வாலும் திரும்ப வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். வயதான மீனுக்குப் பழைய நீளம் வராமலே போகலாம். சில கதிர்கள் சுருண்டு வளரும். புதுப் பகுதியின் நிறம் பழையதோடு ஒட்டாமல் இருக்கும். இதற்கெல்லாம் சிகிச்சை தேவையில்லை. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றி, அப்போதே அம்மோனியாவையும் ஒருமுறை சோதித்துக்கொண்டால் போதும்.